யாருக்கும் அடிபடாத மைதானம்

கண்டக்டரின் மகளுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்த அன்று கழகத்தில் யாருக்கும் அடிபடவில்லை.

அன்றைக்கு என்றில்லை, அந்த இளையோர் கால்பந்துக் கழகம் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே யாருக்கும் அடிபட்டதில்லை. இதற்காக மேலிடத்துச் சம்மேளனம் ஆண்டுதோறும் ஒரு கேடயம் கொடுத்துவந்தது. கேடயங்கள் பெருகி அலுவலக அறையில் இடம் போதாமல் போனபோது, முதலுதவி அறையிலிருந்த கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை அங்கே அடுக்கினார்கள். யாருக்கும் அடிபடாத இடத்தில் கட்டில் எதற்கு?

கண்டக்டர் இதையெல்லாம் முழுமனதாக நம்பினார். எழுதி ஒட்டிய எதையும் நம்புகிற மனிதர் அவர். பேருந்தில் ‘கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்’ என்பதைப் படித்துப் படித்து, சொந்த வீட்டு ஜன்னலில்கூடக் கையை வெளியே நீட்டமாட்டார். அப்படிப்பட்டவர் தன் இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கழகத்தில் சேர்த்ததில் வியப்பில்லை. மகளுக்குப் பதினேழு வயது. பந்தோடு ஓடும்போது நின்ற இடத்தில் சுழன்று திரும்புவாள் என்பதால் மைதானத்தில் ‘பம்பரம்’ என்று பேர். மகனுக்குப் பதினைந்து. ஒரே வருடத்தில் கதவு நிலை தலையில் இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டதால் அவன் ‘நெட்டை’. இந்தப் பேர்கள் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டன. ரொட்டிக்கடையில் வேலை பார்த்த அவர்களின் அம்மா மட்டும், “ரெண்டும் மனுஷப் பிள்ளைங்கதான, ஒழுங்காப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாதா?” என்று கேட்டுவிட்டு, பிறகு அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள்.

அன்று ‘பத்திரமான கால்கள் வாரம்’ தொடக்க விழா. பெண்கள் அணிக்குள் இரண்டு பிரிவாகக் காட்சி ஆட்டம் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் விடிகாலையிலேயே வந்து ஓடி, குனிந்து நிமிர்ந்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள். அப்போது கழகத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

தலைவர் சிமெண்டு வியாபாரி. வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தவர் இல்லை. ஆனால் பேச்சில் அவரை யாரும் தடுத்து ஆடமுடியாது.

“கால் என்பது என்ன?” என்று கேட்டார். “கால் என்றால் கால் பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மனிதனுக்குக் கால்தான் முக்கால்! மீதி கால்தான் மற்ற உடம்பு!”

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேடைக்குப் பந்தல் போட்டிருந்தது, மைதானத்துக்குப் போடவில்லை. பிள்ளைகள் வரிசையில் அசையாமல் நிற்கவேண்டும் என்பது ஒழுங்கு. யானையின் கால், மேசையின் கால், தலைவரின் தாத்தாவுக்கு இருந்த ஆணிக்கால் என்று பேச்சு ஒவ்வொரு காலாகப் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சிய இரும்பு ஆறுவதுபோலப் பிள்ளைகளின் உடம்பு நின்ற நிலையில் ஆறி இறுகியது. பேச்சு முடிந்ததும் விசில் ஊதினார்கள்.

பம்பரத்தின் காலில் இருந்தது ஆண்கள் அணி போட்டுக் கழித்த பூட்ஸ். பெண்கள் அணிக்கு எப்போதும் அதுதான். முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தால் அளவு சரியாகிவிடும் என்பது கழகத்தின் ஏற்பாடு. அவள் பந்தை வாங்கினாள், நான்கு எட்டு ஓடினாள், வழக்கம்போலச் சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது, பூட்ஸ் திரும்பவில்லை. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வேலிக்கு வெளியே காக்கிச் சீருடையோடு நின்றிருந்த கண்டக்டருக்கே அது கேட்டது.

“எந்திரிம்மா, எந்திரி! போட்டோ எடுக்கறாங்க!” என்று பயிற்சியாளர் கத்தினார்.

அவள் எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். முழங்கால் அவளைக் கேட்காமலேயே மடிந்தது. மறுபடி விழுந்தாள்.

கண்டக்டர் உள்ளே ஓடுவதற்குள் கழகச் செயலாளர் குறுக்கே வந்துவிட்டார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். சர்க்கரைப் பாகு மாதிரி பேசுவார்.

“பதறாதீங்க. ஒன்னும் இல்ல. குழந்தை உக்காந்திருக்கு.”

“சார், என் பொண்ணுக்கு அடிபட்டிருக்கு சார்.”

“அடிபடணும்னா யாராவது அடிச்சிருக்கணும், இல்லையா? பக்கத்துல யாருமே இல்லையே. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க.”

கண்டக்டர் யோசித்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்பது உண்மைதான். செயலாளர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. மகள் புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிற சத்தம் மட்டும் அந்த நியாயத்துக்குள் அடங்கவில்லை.

முதலுதவி அறையில் கேடயங்களை நகர்த்தி, ஒரு கேடயப் பெட்டியின் மேல் அவளை உட்காரவைத்தார்கள். கழக மருத்துவர் வந்தார். அவர் தலைவரின் மச்சான். ஊரில் கெட்டிக்காரப் பல் டாக்டர்.

“ஆ காட்டு” என்றார். பழக்க தோஷம். அவள் வலியில் ஏற்கெனவே வாயைத் திறந்துதான் வைத்திருந்தாள். “பல்லெல்லாம் நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு, பிறகு முழங்காலைப் பார்த்தார். அது கண்ணெதிரே பூசணிபோல வீங்கிக்கொண்டிருந்தது.

“வீட்ல மாடிப்படி இருக்கா?”

“இருக்கு டாக்டர்” என்றார் கண்டக்டர்.

“அதான். அங்கயே ஆரம்பிச்சிருக்கும். இங்க வந்து தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். பொண்ணுங்களோட முழங்கால் பிறவியிலேயே கொஞ்சம் கூச்ச சுபாவம். குதிச்சா ரெண்டும் ஒன்னையொன்னு பார்த்துத் திரும்பிக்கும். வெட்கம் தெளிஞ்சா சரியாயிடும். மூணு வாரம் வீட்ல வெச்சிருங்க.”

வீட்டில் அம்மா அந்த வீக்கத்தைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மறுநாள் காலையில் ஆட்டோவைக் கூப்பிட்டாள். கண்டக்டர் மட்டும், கழக டாக்டர் மனம் புண்படுமோ என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. தூக்கம் போதாத கண்கள். பம்பரத்தின் காலை மடக்கி வைத்துப் பிடித்து மெதுவாக முன்னால் இழுத்தார். கீழ்க்கால் மேசை இழுப்பறைபோல வெளியே வந்தது.

“பாருங்க, பிடிச்சு நிறுத்தறதுக்கு உள்ள ஒன்னும் இல்ல. ஜவ்வு முழுசா அறுந்துடுச்சு. ஆபரேஷன் பண்ணணும். இங்க வரிசை நீளம், அஞ்சாறு மாசம் ஆகும். அதுக்கப்புறம் ஒரு வருஷம் பந்துப் பக்கம் போகக்கூடாது.”

“யாரும் அடிக்கலையே டாக்டர்” என்றார் கண்டக்டர்.

“யாரும் அடிக்க வேண்டியதில்லைங்க. இதுல முக்கால்வாசி தானாத் திரும்பும்போதுதான் அறுந்துபோகுது. பொண்ணுங்களுக்குப் பசங்களைவிட அதிகமாவே ஆகுது. ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் முறையாப் பயிற்சி குடுத்து, எப்படிக் குதிச்சு நிக்கணும்னு சொல்லிக் குடுத்தா பாதியைத் தடுத்துடலாம். உங்க கழகத்துல சொல்லிப் பாருங்க.”

கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். கழகத்தின் நலக்குழு முன்னால் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். நலக்குழு என்பது தலைவர், செயலாளர், மச்சான். மூவரும் ஆழ்ந்து கேட்டார்கள்.

“அருமையான யோசனை” என்றார் தலைவர். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கால் மணி நேரம் ஒதுக்குகிறோம். அந்த நேரத்தில் உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றி நானே பேசுகிறேன்.”

“சார், அவங்க சொன்னது வந்து...”

“கால் மணி நேரம் போதாதுதான். அரை மணியாக்கிடலாம்.”

அப்புறம் மகளின் விஷயம் வந்தது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயத்தைப் பொறுமையா யோசிச்சுப் பாருங்க. கழகம் குழந்தைக்கு என்ன குடுத்துச்சு? பந்து குடுத்துச்சு. பந்துக்கு ஏதாவது ஆச்சா? ஆகல. கால் யார் குடுத்தது? நீங்க குடுத்தது. அப்ப கால்ல ஒரு குறைன்னா நாங்கதான உங்ககிட்ட கேக்கணும்? நாங்க கேக்கலையே. அதுதான் கழகத்தோட பெருந்தன்மை.”

கண்டக்டர் அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். பாதித் தெரு கடந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று அவருக்குக் குழப்பம் வந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி மாவு ஒட்டிய கையோடு திரும்பிப் பார்த்தாள்.

“பந்தை அவங்க கைல குடுத்துடலாம். காலை யாருங்க நம்ம கைல குடுப்பா?”



சில வாரங்களில் வேறொரு சிக்கல் முளைத்தது. கேடயத்துக்காகச் சம்மேளனத்திலிருந்து பார்வையிட வருவதாகத் தகவல். அணியில் ஒரு பெண் தாங்குகட்டையோடு நடமாடினால் பார்க்க நன்றாக இருக்காது. எனவே பம்பரம் கழகத்திலிருந்து விலகிவிட்டதாக முடிவுசெய்தார்கள். எப்போது விலகினாள் என்ற கேள்வி வந்தது. விழாவுக்கு முந்தின நாள் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதைச் சொல்லக் கண்டக்டரைக் கூப்பிட்டனுப்பினார்கள். சொல்லி முடித்ததும் செயலாளரின் முகம் கொஞ்சம் இறுகியது.

“இதுல எங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கு. முந்தின நாளே விலகின பொண்ணு, மறுநாள் எங்க மைதானத்துல வந்து எதுக்கு விழுந்துச்சு?”

“சார், ஆட்டம் இருந்துச்சே சார்.”

“ஆட்டம் கழகப் பிள்ளைங்களுக்கு. வெளியாள் உள்ள வந்து ஓடறது தப்பில்லையா? தலைவர் கோபமாத்தான் இருந்தாரு. நான்தான் பேசி சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன். இனிமே நடக்காமப் பார்த்துக்கங்க.”

“இனிமே நடக்கமாட்டா சார்” என்றார் கண்டக்டர். தான் சொன்னதன் இன்னொரு அர்த்தம் பிறகுதான் அவர் காதில் விழுந்தது. செயலாளர் திருப்தியாகத் தலையசைத்தார்.

இதற்குப் பிறகும் நெட்டையை எதற்காக அந்தக் கழகத்தில் விட்டுவைத்தார்கள் என்று கேட்கலாம். அம்மா கேட்டாள், தினமும் கேட்டாள். ஆனால் நெட்டை ஆண்கள் அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். அந்த ஆண்டு அவன் அடித்த கோல்களால்தான் அணி இறுதி ஆட்டம் வரை வந்திருந்தது. இறுதி ஆட்டத்தைப் பார்க்க மேல்நிலை அணிக்குத் தேர்வாளர்கள் வருகிறார்கள். அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஒரு மேட்ச் மட்டும்பா, அப்புறம் நீங்க சொல்றதக் கேக்கறேன்” என்றான். பிள்ளை கேட்பதற்கு இல்லை என்று சொல்லக் கண்டக்டருக்கு வாய் வரவில்லை. பையன்களின் கால் வேறு, பெண்களின் கால் வேறு என்று செயலாளர் ஒருமுறை சொல்லியிருந்ததும் அவர் மனதில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறாகத்தான் இருந்தது. நெட்டைக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கம், ஒரு மேடு தட்டியிருந்தது. வேகமாக வளர்கிற வயதில் எலும்பின் நுனி இன்னும் குருத்தாக இருக்கும்போது, ஓயாமல் ஓடினால் தசை அதைப் பிடித்து இழுக்கும். ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். ஓய்வு கொடுக்க ஆள் இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், இடையில் தலைவருடைய சிமெண்டுக் கிடங்கின் ஆண்டு விழாவுக்கு ஒரு காட்சி ஆட்டம்.

ஆண்கள் பிரிவில் வலியைக் கையாள வேறு முறை வைத்திருந்தார்கள். பெண்களுக்கு வலி என்றால் அது மனப்பிரமை, பையன்களுக்கு வலி என்றால் அது கோழைத்தனம். இரண்டையும் ஒழிக்க நலக்குழு ஒரு வழி கண்டுபிடித்தது. ‘வலி’ என்ற சொல்லை மைதானத்தில் யாரும் உச்சரிக்கக்கூடாது, ‘வளர்ச்சி’ என்று சொல்லவேண்டும். வளர்கிற பிள்ளைகளுக்கு வருவது வளர்ச்சி அல்லாமல் வேறு என்ன என்று தலைவர் விளக்கினார். சீக்கிரத்திலேயே அது பழகிவிட்டது. “சார், கணுக்கால்ல ரொம்ப வளர்ச்சியா இருக்கு சார்” என்று ஒருவன் நொண்டிக்கொண்டு வருவான். “நல்லது, ஓடு” என்பார் பயிற்சியாளர்.

ஒருநாள் சாயங்காலம் நெட்டை மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தான். கீழே பலகை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா பார்த்துவிட்டாள்.

“எங்கடா வலிக்குது?”

“வலியெல்லாம் இல்லக்கா. கொஞ்சம் வளர்ச்சி.”

அவள் சிரிக்கவில்லை. தாங்குகட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து அவன் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தான்.

“அப்பா” என்று கூப்பிட்டாள். “இவனை விளையாட விட்டீங்கன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன்.”

கண்டக்டர் அன்றே கழகத்துக்குப் போய், மகனுக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டார். அவர் வாழ்நாளில் ஓர் அலுவலகத்தில் கேட்ட மிகப் பெரிய கேள்வி அதுதான். செயலாளர் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்.

“உங்க பொண்ணு விஷயத்துல எங்ககிட்ட கொஞ்சம் கவனக்குறைவு இருந்துச்சுன்னு உங்களுக்கு மனக்குறை இருக்கலாம். அந்தக் குறை பையன் விஷயத்துல இருக்கக்கூடாதுன்னு தலைவரே சொல்லிட்டாரு. டாக்டர் தனியா வந்து பார்ப்பாரு. தேர்வாளர்கள் முன்னாடி ஆடாமப் போனா, நாளைக்குப் பையன் உங்களத்தான கேப்பான்? நீங்க அப்பா. எப்படி வாழ்நாள் பூராப் பதில் சொல்லுவீங்க?”

கண்டக்டர் எழுந்து திரும்பிவந்தார்.

இறுதி ஆட்டத்தன்று கூட்டம் அலைமோதியது. அம்மா கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பம்பரம் வரமாட்டேன் என்றவள், கடைசி நிமிடத்தில் தாங்குகட்டையோடு வந்து வேலியோரம் நின்றாள். அப்பாவோடு பேசவில்லை.

உடை மாற்றும் அறையில் மச்சான் டாக்டர் நெட்டையின் கால் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். கண்டக்டர் வாசலில் நின்று பார்த்தார்.

“டாக்டர், இது என்ன மருந்து?”

“கடவாய்ப்பல் பிடுங்கறதுக்கு முன்னாடி போடறதுதான். பயப்படாதீங்க. மத்த வைத்தியத்துல எனக்கு மேல ஆள் இருக்கலாம். மரத்துப்போக வைக்கறதுல கிடையாது.” ஊசியைச் செருகினார். “தம்பி, இப்ப எப்படி இருக்கு?”

“ஒன்னுமே தெரியல டாக்டர்!” என்றான் நெட்டை. எழுந்து இரண்டு தரம் குதித்துப் பார்த்தான். பல மாதமாகப் பார்க்காத சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கண்டக்டர் வாசலிலிருந்து விலகி வழிவிட்டார்.

தலைவர் உடற்பயிற்சியின் அவசியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிய பிறகு ஆட்டம் தொடங்கியது. நெட்டை அன்று ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். முதல் பாதியிலேயே ஒரு கோல். தேர்வாளர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் பந்து உயரமாக வந்தது. அவன் அந்த மரத்துப்போன காலை ஊன்றி எம்பினான். பந்து வலைக்குள் போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவன் தரைக்கு வந்ததை வேலியோரம் நின்ற மூன்று பேர் மட்டும் பார்த்தார்கள்.

முழங்கால் சில்லு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மேலே, தொடைப் பக்கம் ஏறிப்போயிருந்தது. தசை எலும்பின் நுனியையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு வலிக்கவில்லை என்பதுதான் கொடுமை. “அப்பா, என் கால் ஏன் இப்படி இருக்கு?” என்று காலையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

மைதானம் முழுக்கக் கோலுக்காகக் கத்திக்கொண்டிருந்தது. கண்டக்டர் வேலியைத் தாண்டினார். அனுமதி இல்லாத இடத்தில் அவர் நுழைந்தது அதுவே முதல் தடவை. கூட்டம் என்ன நடக்கிறது என்று உணர்ந்து சத்தம் அடங்கியபோது, தலைவர் நிலைமையைச் சமாளிக்க ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“அன்பர்களே! அமைதி! வெற்றிக் களிப்பில் நம் வீரர் சற்றே சாய்ந்திருக்கிறார்...”

அவ்வளவு நேரம் வேலியோரம் நின்ற பம்பரம், தாங்குகட்டையை ஊன்றி ஊன்றி மேடைக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“அவன் கால் உடைஞ்சிருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.”

“கேள்விகளுக்கு நேரம் பிறகு ஒதுக்கப்படும்” என்றார் தலைவர் ஒலிபெருக்கியிலேயே.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!”

“அந்தப் பெண் கழகத்து உறுப்பினர் இல்லை” என்று செயலாளர் தலைவரின் காதில் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

ஆம்புலன்ஸ் கழகத்தில் இல்லை. எதற்கு? கண்டக்டர் மகனைத் தூக்கினார். அவரைவிட உயரமான பையன். அம்மா அந்தக் காலை அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, பின்னாலேயே நடந்தாள். பழைய முதலுதவிக் கட்டில் எங்கே என்று யாரோ கேட்டார்கள். அதில் காவலாளி தூங்குகிறான் என்று பதில் வந்தது. நால்வரும் மைதானத்தின் குறுக்கே வாசல் வரை போன அந்தத் தூரம் முழுக்கத் தலைவரின் குரல் அவர்கள் கூடவே வந்தது.

“பாருங்கள்! ஒரு தகப்பன் தோளில் மகன், ஒரு தாயின் கையில் கால், ஒரு சகோதரியின் பாசம்! கால்பந்து என்ன செய்கிறது? குடும்பங்களை இணைக்கிறது!”

கைதட்டினார்கள்.

வாசலில் அம்மா ஒரு கணம் நின்றாள். திரும்பி மேடையைப் பார்த்து ஏதோ சொன்னாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கண்டக்டருக்குக் கேட்டது. கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் அந்த மாதிரி வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. கேட்டபோது, அது தன் வாயிலிருந்து வராமல் போயிற்றே என்றுதான் அவருக்கு இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அதே எலும்பு டாக்டர். அவனை அன்றே உள்ளே எடுத்துக்கொண்டார். திருகாணி போட்டுப் பொருத்தினார்கள். வெளியே வந்து, “நடப்பான், ஓடுவான்னு இப்ப சொல்லமுடியாது. மரத்துப்போக ஊசி போட்டது யாரு?” என்று கேட்டார்.

“பல் டாக்டர்” என்றார் கண்டக்டர்.

அந்த அம்மாள் அதை அப்படியே நோயாளிக் குறிப்பில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் வரிசையில் மகளின் முறை வந்து அவளுக்கும் ஆபரேஷன் ஆனது. வீட்டில் முன்னறையில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்று இடது, ஒன்று வலது. அம்மா வேலைக்குப் போகுமுன் இருவருக்கும் நடுவில் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டுப் போவாள். பம்பரம் அப்பாவோடு பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் பார்த்துப் பேசுவதில்லை. நெட்டை யாரோடும் பேசுவதில்லை.

கழகத்துக்கு அந்த ஆண்டும் கேடயம் வந்தது. நெட்டை வெற்றிக் கோலுக்குப் பிறகு மேல்படிப்பைக் கருதி ஓய்வுபெற்றுவிட்டதாக அறிவித்திருந்தார்கள். கூடவே ஆண், பெண் சமத்துவத்துக்காக இன்னொரு விருதும் வந்தது. வாங்கிக்கொண்டு தலைவர் பேசியதைக் கண்டக்டர் பேருந்தில் ஒரு பயணியின் கைபேசியில் கேட்டார்.

“எங்கள் கழகத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. பெண் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறதோ, அதையேதான் ஆண் பிள்ளைக்கும் கொடுக்கிறோம். ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும் ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்று நாங்கள் செய்வதில்லை!”

கண்டக்டர் பயணியிடம் மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அன்று பொய் எதையும் தலைவர் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரோடு ஒரே பேருந்தில் வேலை பார்க்கும் ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய மகள், ஒன்பது வயதுக் குட்டி, கையில் பந்து.

“அண்ணே, இவ நாள் பூரா பந்தும் கையுமாத் திரியறா. அந்தக் கழகத்துல சேர்க்கலாமான்னு ஒரு யோசனை. உங்க பிள்ளைங்க ரெண்டும் அங்கதான இருந்துச்சு? அதான் உங்களக் கேட்டுட்டு...”

கண்டக்டர் சொன்னார். இந்தத் தடவை வார்த்தை தடுமாறவில்லை. பேச்சு, பூட்ஸ், கூச்ச முழங்கால், பல் ஊசி, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது குரல் உயர்ந்தது. அடுக்களையிலிருந்து மனைவி வந்து கதவோரம் நின்று கேட்டாள். இவ்வளவு நேரம் இவர் இப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை. ஓட்டுநர் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பேச்சில் சலித்துப்போன குட்டி, பந்தோடு தெருவுக்குப் போய்விட்டாள். சுவரில் அடித்து, திரும்பி வருவதைக் காலால் நிறுத்தி, மறுபடி அடித்தாள். ஜன்னல் வழியாக நெட்டை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இடது கால்ல அடி” என்றான் திடீரென்று.

எத்தனையோ நாள் கழித்து அவன் குரல் வெளியே வந்தது. குட்டி திரும்பிப் பார்த்துவிட்டு இடது காலால் அடித்தாள். பந்து எங்கோ போயிற்று.

“பந்தைப் பார்க்காத, சுவரைப் பார்!” பம்பரம் தன் நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். “குதிக்கும்போது முட்டிய வெளிய வை! ஆங், அப்படித்தான்! இப்பத் திரும்பு!”

“திரும்பாத, நேரா அடி!”

“நீ சும்மா இருடா, உனக்கு அடிக்கறதைத் தவிர என்ன தெரியும்?”

இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். குட்டியின் பந்து சுவரில் வரைந்திருந்த கோட்டுக்கு மேலே பட்டபோது, “கோல்!” என்று இருவர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. நெட்டை சிரித்தான். பம்பரம் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, நேராகவே பார்த்து, “அப்பா, என்ன அடி அடிக்கறா பாருங்கப்பா!” என்றாள். கதவோரம் நின்ற அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஓட்டுநர் அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

“அண்ணே, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா பிள்ளைங்க முகத்தப் பாருங்க. அங்க அவ்வளவு மோசமா இருந்திருந்தா இதுங்க இப்படிச் சிரிக்குமா?”

கண்டக்டர் வாயைத் திறந்தார். ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு “கோல்!” கேட்டது.

அடுத்த வாரமே குட்டியைச் சேர்த்துவிட்டார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். ஓட்டுநர் கண்டக்டரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். செயலாளர் முகம் மலர்ந்து எழுந்து நின்று கைகுலுக்கினாராம்.

“நல்ல குடும்பம்” என்றாராம்.